புத்தகக் கட்டைத் தூக்கினால் எழுத்து தீட்டாகிவிடுமா?

நாவலாசிரியனுக்கு எழுதுவது ஒன்றுதான் வேலை. அச்சு, விற்பனை, வாசகன் என்று அலைவது அவனுக்கு அழகல்ல என்று சொல்கிறவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். மேடையில் சொல்கிறார்கள். அடுத்தவர் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையில் சொல்கிறார்கள். டீக்கடையில் நின்று சொல்லும்போது அதற்கு ஒரு தத்துவக் களையே வந்துவிடுகிறது. இவர்களில் ஒருவராவது மேலாண்மறைநாடு வரை போய் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிக் காட்டு ஊர்களில் ஒன்று அது. அங்கே ஒரு சின்ன மளிகைக் கடை இருந்தது. கடைக்காரர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பருப்பு நிறுத்து, பொட்டலம் கட்டி, சில்லறை எண்ணிப் போட்டுவிட்டு, அடுத்த ஆள் வருகிற வரைக்கும் எழுதினார். ‘செம்மலர்’ அவர் கதைகளைப் போட்டது. பிறகு பெரிய பத்திரிகைகளும் போட்டன. சிறுகதைத் தொகுதிகள், நாவல்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். 2007-இல் ‘மின்சாரப் பூ’ தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது, கிராமத்து மளிகைக் கடைக்காரருக்கு விருது என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. மேலாண்மை பொன்னுச்சாமியைப் பற்றி அன்றைக்கு வந்த செய்திகளில் என்னை உறுத்தியது அந்த வியப்புதான். கடை வைத்திருந்தும் எழுதினாராம். அந்த ‘உம்’ எதற்கு?

வறுமையால் கடை வைத்தார், விரும்பியா வைத்தார் என்று கேட்பார்கள். விரும்பி வைத்தார் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கிராமத்து மளிகைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிகிற ஊர் வேறு யாருக்கும் தெரியாது. யார் வீட்டில் நல்லெண்ணெய் வாங்குவது நின்று போயிற்று, எந்தப் பிள்ளை காசில்லாமல் தூக்குவாளியோடு வந்து தயங்கி நிற்கிறது, எவன் பழைய பாக்கிக்குப் பயந்து அடுத்த தெருக் கடைக்குச் சுற்றிப் போகிறான் என்பதெல்லாம் அவனுக்குத் தினப்படி தெரியும். கடன் நோட்டைப் புரட்டினால் ஊரின் நாவலில் பாதி அதிலேயே இருக்கும். இந்த நோட்டை வைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், தொழிலிலிருந்து ஒதுங்கி இருந்தால்தான் எழுத்து வரும் என்று சொல்வதற்கு எவ்வளவு பட்டணத்துத் துணிச்சல் வேண்டும்!

கரிசல் பக்கத்தில் இது ஒருவர் கதை இல்லை. ‘பிறகு’, ‘வெக்கை’ எழுதிய பூமணி கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். சோ. தர்மன் மில்லில் உழைத்தவர். ‘வெயிலோடு போய்’ எழுதிய ச. தமிழ்ச்செல்வன் அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். பாமா ஆசிரியையாக இருந்தவர். கி.ரா. என்கிற கி. ராஜநாராயணன் விவசாயம் பார்த்த சம்சாரி. இவர்களையெல்லாம் எடுத்துவிட்டால் கரிசல் இலக்கியம் என்று சொல்வதற்கு மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கலாம்.

சரி, பிழைப்புக்கு ஒரு வேலை பார்ப்பதை மன்னித்துவிடுகிறோம், ஆனால் தன் புத்தகத்தைத் தானே விற்பதும் வாசகனைத் தேடிப் போவதும் கேவலம் என்பார்கள் அடுத்தபடியாக. உண்மையான மனத்தடை இங்கேதான் இருக்கிறது. வேலையைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், விற்பனையைப் பொறுக்க மாட்டார்கள். காசைத் தொட்ட கை பேனாவைத் தொட்டால் ஏதோ தீட்டு.

தீட்டு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வரலாறு உண்டு. 1899-இல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. பனையேறியவர்கள், பொதிமாடும் வண்டியுமாக ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போனவர்கள் கோயிலுக்குள் கால் வைக்கலாமா என்பதில் கிளம்பிய பகை அது. பூமணி அதையும் கழுகுமலைக் கலவரத்தையும் உள்ளே வைத்து, ஆயிரம் பக்கத்துக்கு மேல் ‘அஞ்ஞாடி’ எழுதினார். 2014-இல் அகாதெமி விருது வந்தது. உழைக்கிற கையும் விற்கிற கையும் தாழ்ந்தது என்ற எண்ணம் என்னவெல்லாம் செய்யும் என்பது அந்த நாவலைப் படித்தவருக்குத் தெரியும். விற்கிற எழுத்தாளனைப் பார்த்து முகம் சுளிக்கிற இலக்கியவாதியிடம் அந்தப் பழைய வாடை லேசாக எனக்கு அடிக்கிறது. மிகைப்படுத்துகிறாய் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். வாடை அடிப்பது மட்டும் நிஜம்.

விருதுநகரில் யாரும் காசைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று விலை பேசியே வளர்ந்த ஊர். அந்த வியாபாரிகள் ஒவ்வொரு வியாபாரத்திலும் மகமை என்று ஒரு பங்கை எடுத்துப் பொதுவில் போட்டார்கள். வீட்டுப் பெண்கள் தினமும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். 1889-இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலை அப்படி வளர்ந்த பள்ளிக்கூடம். காமராஜர் அதில் படித்தவர். கல்லாப்பெட்டிக்கும் கரும்பலகைக்கும் நடுவே இங்கே யாரும் சுவர் எழுப்பவில்லை. நாவலுக்கு மட்டும் ஏன் எழுப்ப வேண்டும்?

ஒதுங்கி இருக்கும் எழுத்தாளன் என்றதும் எதிர்த் தரப்பு கையெடுத்துக் கும்பிடுவது மௌனியை. இருபத்துச் சொச்சம் கதைகளோடு நிறுத்திக்கொண்டார், வாசகனைத் திரும்பியும் பார்க்கவில்லை என்பார்கள். மௌனி பெரிய கலைஞர், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் குடும்பச் சொத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தவர். சோற்றுக்குக் கதை எழுத வேண்டிய நிலையும், கதையைச் சுமந்துகொண்டு போக வேண்டிய நிலையும் அவருக்கு வரவில்லை. அவருடைய வசதியை எல்லோருக்கும் பொதுவான அறமாக ஆக்கினால் எப்படி?

அதே வரிசையில் அவர்கள் கும்பிடும் இன்னொருவர் சி.சு. செல்லப்பா. இங்கேதான் வேடிக்கை. தமிழில் தூய இலக்கியம் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வரும் ‘எழுத்து’ பத்திரிகையை 1959-இல் தொடங்கியவர். சமரசமே தெரியாதவர் என்று பேர். அந்த மனிதர் தான் வெளியிட்ட புத்தகங்களைக் கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்துத்தான், 2001-இல், அதற்கு அகாதெமி விருது கொடுத்தார்கள். ஒதுங்கி இருப்பதன் அருமையைப் பாடுகிறவர்கள் செல்லப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் தோளில் கிடந்த கட்டை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

வெளியூர்ச் சாட்சி வேண்டுமானால் அதுவும் உண்டு. டிக்கன்ஸ் ஊர் ஊராகப் போய் மேடையேறித் தன் நாவல்களை வாசித்துக் காட்டினார், டிக்கெட் போட்டு. வர்ஜீனியா உல்ஃப் 1917-இல் கணவரோடு சேர்ந்து வீட்டிலேயே அச்சு யந்திரத்தை வைத்து, கையால் எழுத்துக் கோத்துப் புத்தகம் போட்டார். அவர்கள் எழுத்தில் மை ஒட்டியதே தவிரக் கறை ஒட்டவில்லை.

எழுத்தாளன் ஒதுங்கி இருக்க வேண்டும் என்ற இந்தக் கருத்து இத்தனை நாள் எப்படித் தாக்குப்பிடித்தது என்று யோசித்தால் கணக்கு வழக்குக்குள் போக வேண்டும். இலக்கியவாதிகள் கணக்கு பேசக் கூச்சப்படுவார்கள். நான் எண்ணெய் மண்டிக்காரர்களுக்கு நடுவே வளர்ந்தவன், எனக்குக் கூச்சமில்லை.

300 ரூபாய் விலை போட்ட நாவலுக்குப் பத்து சதவீத ராயல்டி என்றால் படிக்கு 30 ரூபாய். 500 படி விற்றால் 15,000. மூன்று வருஷம் எழுதிய நாவலுக்கு. ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்சடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணிக்கை வாசகரை நம்பி வந்ததில்லை. நூலக ஆணையை நம்பி வந்தது. அரசு நூலகத்துக்குப் போகிற படிகள் போய்விட்டால் பதிப்பாளருக்குப் போட்ட முதல் வந்துவிடும். மிச்சப் படிகள் மெதுவாகப் போகும், இல்லையென்றால் கிட்டங்கியில் கிடக்கும். ஆக, பல ஆண்டுகளாகத் தமிழ் நாவலின் முதல் வாசகன் அரசாங்கம்தான்; அந்த வாசகன் பக்கத்தைப் புரட்டுவதில்லை. எழுத்தாளன் யாரையும் போய்ப் பார்க்க வேண்டிய தேவை அங்கே எழவே இல்லை. தேவை இல்லாமல் இருந்ததைத்தான் பிறகு கொள்கை என்று பேர் மாற்றிக்கொண்டோம். இப்போது நூலக ஆணையை நம்ப முடியவில்லை, நூறு இருநூறு படி என்று தேவைக்குத் தேவை அச்சடிக்கிறார்கள். கொள்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

எதிர்த் தரப்பில் ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுப்பேன். வாசகனைத் தேடிப் போகிறவன் கடைசியில் வாசகன் கேட்பதையே எழுதத் தொடங்கிவிடுவான் என்பது அது. இது நடக்கிறது. புத்தகம் வரும் முன்பே அட்டைப்படத்தை ஆயிரம் பேருக்கு அனுப்புவது, வாங்கியவர் எல்லோரோடும் நின்று செல்ஃபி எடுப்பது, எந்த வரிக்குக் கைதட்டு விழுந்ததோ அந்த வரியை அடுத்த மூன்று புத்தகத்திலும் எழுதுவது என்று திரிகிற ஆட்களை நானும் பார்க்கிறேன். அவர்கள் வீணாய்ப் போனவர்கள்தான். ஆனால் அவர்களைக் கெடுத்தது வாசகனா? கைதட்டு என்பது வாசகன் தரும் பொருள்களிலேயே மலிவானது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவனைக் காட்டி, சந்தைக்கே போகாதே என்றால் என்ன நியாயம்?

மல்லாங்கிணற்றைப் பாருங்கள். விருதுநகரிலிருந்து கூப்பிடு தூரம். எஸ். ராமகிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். ஆனந்த விகடனில் ‘துணையெழுத்து’, ‘கதாவிலாசம்’, ‘தேசாந்திரி’ என்று வாரா வாரம் எழுதினார். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வராந்தாவில், சலூனில் படித்தார்கள். வெகுஜனப் பத்திரிகைக்குப் போய்விட்டார், இனி அவ்வளவுதான் என்று சிறுபத்திரிகைப் பக்கம் உச்சுக் கொட்டினார்கள். அதே ஆண்டுகளில்தான் ‘நெடுங்குருதி’யும் ‘யாமமும்’ எழுதினார். வாரப் பத்திரிகை வாசகனுக்கு வளைந்து கொடுத்த நாவல்களா அவை? வாசகனிடம் எந்தச் சலுகையும் கேட்காமல் நிற்கிற நாவல்கள். தொடரில் பழக்கமானவர்களில் ஒரு பகுதியினர் அந்த நாவல்களுக்குள்ளும் வந்தார்கள். சினிமாவுக்கு வசனம் எழுதினார். டால்ஸ்டாயைப் பற்றியும் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினார், கூட்டம் உட்கார்ந்து கேட்டது. தேசாந்திரி பதிப்பகம் என்று தானே ஒன்றைத் தொடங்கித் தன் புத்தகங்களைப் போடுகிறார். 2018-இல் அகாதெமி விருது வாங்கிய ‘சஞ்சாரம்’ கரிசல் மண்ணின் நாகஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. நாயனக்காரர் கோயில் கோயிலாக, கல்யாண வீடு கல்யாண வீடாகப் போகாமல் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து வாசித்தால்தான் அவர் வித்வான் என்று யாராவது சொல்வார்களா?

அவர் எழுதியதெல்லாம் ஒரே தரம் என்று நான் சான்று கொடுக்க வரவில்லை. ஏற்ற இறக்கம் இருக்கிறது. அது எல்லோரிடமும் இருக்கிறது. மௌனமாக இருந்தவர்களிடமும் இருக்கிறது.

வாசகன் என்றதும் கைதட்டுகிறவனை மட்டும் நினைப்பது இன்னொரு கோளாறு. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர் பாமா. கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, எழுத்தாளர் ஆகும் எண்ணமே இல்லாமல் எழுதிய ‘கருக்கு’ 1992-இல் வந்தது. அவருடைய முதல் வாசகர்கள் அவர் ஊர்க்காரர்கள். அவர்களுக்குக் கோபம். ஊர்க் கதையை, தெருக் கதையை, பட்டப்பெயரை எல்லாம் எழுதி மானத்தை வாங்கிவிட்டாள் என்று. சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு இளவட்டங்கள் படித்துப் புரிந்துகொண்டு பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல, ஊர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் அந்தப் புத்தகம் எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கோ போயிற்று. ஆனால் அதன் மிகக் கடினமான வாசிப்பு புதுப்பட்டித் தெருவில்தான் நடந்தது. எழுத்தாளன் வாசகனைப் பார்க்கவே கூடாது என்கிற கொள்கையை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். பாமா என்ன செய்திருக்க வேண்டும்? ஊர்ப் பக்கமே போகாமல் இருந்திருக்க வேண்டுமா?

கி.ரா. வேறு மாதிரி. அவருக்கு வாசகன் என்றால் கடிதம். இடைசெவலிலிருந்தும் பிறகு புதுச்சேரியிலிருந்தும் அவர் எழுதிய கடிதங்களுக்கு அளவில்லை. நண்பர்கள் உதவியோடு கரிசல் சொற்களைச் சேகரித்து 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். கதை சொல்லத் தெரிந்த யாரைக் கண்டாலும் அவர் காதைக் கொடுத்துவிடுவார். ஒதுங்கியிருக்கிறவருக்கு அந்த அகராதியில் ஒரு பக்கம் தேறியிருக்குமா?

இனிச் சிவகாசிக்கு வருவோம். அங்கே தீப்பெட்டி வந்தது 1920-களின் தொடக்கத்தில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்று லித்தோ வந்தது, ஆப்செட் வந்தது, நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அடிக்கிற ஊர் ஆயிற்று. வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அன்றைக்குச் சாயந்திரமே ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். முருகனும் லட்சுமியும் குழந்தைப் படமும் கடை கடையாகத் தோளில் போய்த்தான் சுவர் சேர்கின்றன. ‘நல்ல படம் தானாகப் போய்ச் சேரும்’ என்று அங்கே ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பத்திரமாக ஊருக்கு அனுப்பி வைப்பார்கள்.

நானும் அந்த ஏஜெண்டு வேலையைத்தான் பார்க்கிறேன். என் மூன்றாவது நாவல் பட்டாசுக் காட்டைப் பற்றியது. பதிப்பாளர் ராயல்டிக்குப் பதிலாக 150 படிகளைப் பார்சலில் அனுப்பிவிட்டார். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாரம் பத்துப் பதினைந்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். பள்ளிக்கூடம், தொழிற்சங்க ஆபீஸ், கிளை நூலகம், புத்தகத் திருவிழா நடந்தால் அங்கே ஒரு ஓரம். மானக்கேடாக இருக்கவில்லையா என்று ஒரு கவிஞர் கேட்டார். முதுகுவலியாக இருக்கிறது என்றேன்.

அந்த நாவலில் ஓர் இடம். பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, வெடிமருந்து புழங்கும் மருந்து ரூமுக்குள் செருப்பு அறுந்துவிடும். அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பாள். அத்தியாயம் அங்கே முடியும். எனக்குப் பிடித்த இடம். ஒரு விமர்சகர் அந்தச் செருப்பைப் பெண்ணுழைப்பின் குறியீடு என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். நான்கு கூட்டங்களில் நானே அந்த இடத்தை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு ஊரில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். முப்பது பேர் இருக்கும். முடிந்து பையைக் கட்டும்போது ஒரு அம்மா வந்து நின்றார். நகக்கண்ணில் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள் படிந்திருந்தது. போன கூட்டத்தில் யாரோ வாங்கிய படியை இரவல் வாங்கிப் படித்திருக்கிறார்.

‘சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீகளே?’

‘சொல்லுங்கம்மா.’

‘மருந்து ரூமுக்குள்ள அந்தப் பிள்ளை செருப்போட நிக்கிற மாதிரி எழுதியிருக்கீக. செருப்ப வாசல்லயே கழட்டிப் போட்டுட்டுத்தான் சார் உள்ள போவோம். ஒரு மண்ணு உரசுனாப் போதும், அம்புட்டுத்தான்.’

கொஞ்ச நேரம் என்னால் பேச முடியவில்லை. பட்டாசுக் காட்டைப் பற்றி நாவல் எழுதியவன் நான். பட்டாசுக் காட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் பிரதியைப் படித்த இரண்டு நண்பர்களுக்கும், பதிப்பாளருக்கும், குறியீடு கண்டுபிடித்தவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார்: ‘அந்த எடத்தப் படிக்கும்போது எனக்குப் பதறிருச்சு சார், வெடிக்கப் போகுதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஒண்ணும் ஆகல.’ நான் சோகமாக எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்த பக்கத்தை அவர் திகிலாகப் படித்திருக்கிறார்.

இரண்டாம் பதிப்பு எப்போது வருமோ, வருமோ வராதோ. கட்டிலுக்கு அடியில் இன்னும் 90 படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் விற்பதற்கு முன்னால் 112-ஆம் பக்கத்தைத் திறந்து, ‘மருந்து ரூமுக்குள்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘வாசலில்’ என்று எழுதிக் கொடுக்கிறேன்.